தண்ணீரின் கணக்கைத் தெருவில் எழுதி வையுங்கள்!

(ஓசூரில் நமது கட்சியின் மாநகரக் குழு சார்பில் நடந்த குடிநீர் விளக்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். தோழர்கள் படித்துப் பகிர வேண்டுகிறோம்.)



நம்ம ஊர்ல ஒரு அதிசயம் உண்டு. வீட்டுக் குழாயில வர்ற போர் தண்ணியில எவ்வளவு சோப்பு போட்டாலும் நுரை வராது. ஆனா தென்பெண்ணை ஆத்துல யாரும் சோப்பு போடாமலே மலை மலையா நுரை வருது! குழாயில நுரைக்காததும் ஆத்துல நுரைக்கிறதும் ரெண்டு வேற வேற பிரச்சினை. ஆனா ரெண்டுக்கும் பதில் சொல்ல வேண்டியவங்க ஒரே இடத்துலதான் உட்கார்ந்திருக்காங்க. அதனால ரெண்டையும் சேர்த்தே பேசுவோம்.

முதல்ல குழாய்.

போர் தண்ணி ஏன் கடினமா இருக்கு? நம்ம கால் கீழ இருக்கிறது கருங்கல் பாறை. மழைத் தண்ணி அந்தப் பாறை இடுக்குல வருஷக்கணக்கா தங்கி, அதுல இருக்கிற கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் கரைச்சுக்குது. ஆழம் கூடக் கூட, தண்ணி பாறையோட இருக்கிற காலமும் பெரும்பாலும் கூடும். ஒரு காலத்துல கிணத்துல வாளி விட்டு இறைச்ச ஊர் இது. இன்னைக்கு ஆயிரம் அடி தாண்டி போர் போடுறோம். அவ்வளவு ஆழத்திலிருந்து வர்ற தண்ணி உப்போடதான் வரும்.

அதோட விளைவு நம்ம வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். பருப்பு வேகாது. குக்கர்ல வெள்ளை படியும். ஹீட்டர் காயில் சுண்ணாம்பு கட்டி, கரண்ட் பில் ஏறி, கடைசியில காயிலே போயிடும். துணி வெளுக்காது. முடி சிக்கு பிடிக்கும். இதெல்லாம் செலவு, தொல்லை. மறுக்கல.

ஆனா ஒரு விஷயத்தை நேர்மையாச் சொல்லணும். கடினத்தன்மை மட்டுமே பெரிய நோயை உண்டாக்குற விஷம் இல்லை. கால்சியமும் மெக்னீசியமும் உடம்புக்கு வேண்டிய சத்துதான். பயப்பட வேண்டிய சமாச்சாரம் வேற இடத்துல ஒளிஞ்சிருக்கு.

உப்பு இருந்தா நாக்கு சொல்லிடும். கடினமா இருந்தா சோப்பு சொல்லிடும். சாக்கடை கலந்தா பல நேரம் மூக்கு சொல்லிடும். புளோரைடு இருந்தா யார் சொல்றது? அதுக்கு நிறம் கிடையாது, மணம் கிடையாது, ருசி கிடையாது. குடிக்க இனிப்பா இருக்கிற தண்ணியிலயும் இருக்கும். இன்னும் சொல்லப்போனா, தண்ணியில கால்சியம் நிறைய இருந்தா புளோரைடு அதிகமாக் கரையாது. கால்சியம் குறைஞ்ச, சோப்பு நல்லா நுரைக்கிற தண்ணியில அது அதிகமாக் கரையலாம். "எங்க போர் நல்ல போருங்க, சப்புன்னு இல்லாம இனிப்பா இருக்கும்"னு சொல்ற வீட்லதான் முதல்ல பரிசோதனை செய்யணும்!

புளோரைடு என்ன செய்யும்னு தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பல்லுல மஞ்சள், காவி, பழுப்புக் கறை. எத்தனை பேர் சிரிக்கும்போது கையால வாயை மூடிக்கிறாங்க, பார்த்திருக்கீங்க. அது பல்லு விளக்காத குத்தம் இல்லை தோழர்களே, குடிச்ச தண்ணியோட குத்தம். ரொம்ப வருஷம் அதிக அளவுல குடிச்சா மூட்டு இறுகும், முதுகு நிமிராது. எட்டு வயசுக்குள்ள, நிரந்தரப் பல்லு உருவாகிற காலத்துல குடிச்ச தண்ணியோட கறை ஆயுசுக்கும் போகாது. காய்ச்சிக் குடிச்சா சரியாயிடும்னு நினைக்காதீங்க. காய்ச்சினா கிருமி சாகும், புளோரைடு போகாது. தண்ணி ஆவியாகக் குறையக் குறைய, மிச்சத் தண்ணியில அது கொஞ்சம் கூடவே செய்யும்.

இதனாலதான் ஒகேனக்கல் திட்டம் வந்தது. அதோட முழுப் பெயரிலேயே "புளோரோசிஸ் பாதிப்புத் தணிப்பு" என்று இருக்கு. அதைப் பலரும் மறந்துட்டோம். வெறும் தாகத்துக்காக வந்த திட்டம் இல்லை அது. ஒரு தலைமுறையோட எலும்பையும் பல்லையும் காப்பாத்த வந்த திட்டம்.

1998-ல மத்திய அரசு ஆட்சேபணை இல்லைன்னு சொன்னது. 2008 பிப்ரவரியில் முதல்வர் கலைஞர் அடிக்கல் நாட்டினார். உடனே எல்லைக்கு அந்தப் பக்கம் எதிர்ப்பு, பதற்றம். ஏப்ரல்ல கொஞ்ச காலம் நிறுத்தி வைக்கப்பட்டது. பிறகு ஜப்பான் நிதியுதவியோட வேலை நடந்து, 2013 மே மாசம் முதல்வர் ஜெயலலிதா தொடங்கி வச்சாங்க. 1,928 கோடி ரூபாய் திட்டம். ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி ஆகிய மூன்று நகரங்கள், பேரூராட்சிகள், 6,000-க்கும் மேற்பட்ட கிராமக் குடியிருப்புகள். யார் தொடங்கினாங்க, யார் முடிச்சாங்கன்னு அவங்க சண்டை போட்டுக்கட்டும். நமக்கு வேண்டியது ஒரே கணக்கு: அனுமதியிலிருந்து குழாய்க்கு வர 15 வருஷம். 1998-ல பிறந்த குழந்தை பத்தாம் வகுப்புக்கு வந்துட்டது. அந்தக் குழந்தையோட பல்லு அந்தத் தண்ணிக்காகக் காத்திருந்ததா?

சரி, தண்ணி வந்துட்டது. இப்ப என்ன பிரச்சினை?

முதல் பிரச்சினை, உயரம். ஓசூர் கடல் மட்டத்துக்கு மேல சுமார் 900 மீட்டர். காவிரி ஒகேனக்கல்ல ஓடுறது அதைவிட சுமார் 600 மீட்டர் கீழே. அவ்வளவு உயரம் மோட்டார் வச்சு ஏத்தித்தான் நம்ம தொட்டிக்கு வரணும். நடுவுல எங்க கரண்ட் போனாலும், எங்க குழாய் உடைஞ்சாலும், மேல இருக்கிற ஓசூர் காய்ஞ்சு கிடக்கும்.

ரெண்டாவது, ஊர் வளர்ந்த வேகம். 2011 கணக்கெடுப்புல ஓசூர் நகராட்சியில சுமார் 1 லட்சத்து 17 ஆயிரம் பேர். 2019-ல மாநகராட்சி ஆயிட்டோம். இன்னைக்கு 45 வார்டு. மத்திகிரி, ஜூஜுவாடி, மூக்கண்டபள்ளி எல்லாம் ஊரோட ஒட்டிப்போச்சு. பெங்களூருல வாடகை கொடுக்க முடியாம இங்க வந்து தங்குறவங்க, ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து ஒரே ரூம்ல ஆறு பேர் தங்குற தொழிலாளிகள், எல்லாருக்கும் சேர்த்து அன்னைக்குப் போட்ட கணக்கு இன்னைக்கு எப்படிப் பத்தும்?

மூணாவது, யாரும் பேசாத பிரச்சினை: கலப்பு. ஒகேனக்கல் தண்ணி பத்தாத இடத்துல போர் தண்ணியையும் அதே மேல்நிலைத் தொட்டியில விட்டுச் சமாளிக்கிறாங்க. நம்ம வீட்டு சம்ப்லயும் அதேதான் நடக்குது. கார்ப்பரேஷன் தண்ணி, போர் தண்ணி, லாரி தண்ணி, மூணும் ஒரே குழியில! ஒரு கணக்குக்குச் சொல்றேன். ஆத்துத் தண்ணியில புளோரைடு லிட்டருக்கு 0.4 மில்லிகிராம்னு வைங்க. போர்ல 3. பாதிக்குப் பாதி கலந்தா 1.7. உச்ச வரம்பே 1.5 தான். ஆயிரத்துத் தொள்ளாயிரம் கோடி செலவு பண்ணி மலை ஏத்திக் கொண்டுவந்த தண்ணியை, கடைசி நூறு அடியில கெடுக்கிறோம். உங்க தொட்டியில எவ்வளவுக்கு எவ்வளவு கலக்குறாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா? உங்க கவுன்சிலருக்குத் தெரியுமா? வால்வு திறக்கிற ஊழியருக்கு மட்டும்தான் தெரியும்.

இந்த இடத்துல தரநிலை என்ன சொல்லுதுன்னு பார்க்கணும். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் குடிநீர்த் தரம், எண் 10500, 2012-ஆம் ஆண்டுத் திருத்தம். போனில் குறிச்சுக்குங்க. எல்லாம் லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கு.

- கரைந்த உப்புகள் மொத்தம்: 500. மாற்று வழி இல்லாவிட்டால் 2,000 வரை.
- கடினத்தன்மை: 200. மாற்று வழி இல்லாவிட்டால் 600 வரை.
- புளோரைடு: 1. மாற்று வழி இல்லாவிட்டால் 1.5 வரை.
- நைட்ரேட்: 45. இதில் தளர்வே கிடையாது.
- கோலிஃபார்ம் கிருமி: 100 மில்லி தண்ணீரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது.

"மாற்று வழி இல்லாவிட்டால்" என்ற வார்த்தையைக் கவனிங்க. அதிகாரியிடம் போனா, "கடினத்தன்மை 550-தானே, 600-க்குள்ள இருக்கு, அனுமதிக்கப்பட்ட அளவுதான்"னு சொல்லுவாங்க. அப்ப நாம கேக்கணும்: ஐயா, 600-ங்கிறது வேற தண்ணியே இல்லாத ஊருக்குச் சொன்னது. எங்களுக்குத்தான் ஒகேனக்கல் குழாய் வாசல் வரைக்கும் வந்திருக்கே? அப்புறம் எப்படி எங்களுக்கு மாற்று வழி இல்லாம போகும்? இந்த ஒரு கேள்வியை ஒழுங்காக் கேட்டா, பாதிப் பேச்சு அங்கேயே நின்னுடும்.

நைட்ரேட் ஏன் வருது? பாதாளச் சாக்கடை இல்லாத தெருவுல ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு செப்டிக் டேங்க், பத்தடி தள்ளி ஒரு போர். மேல விடுறது கீழ இறங்குது, கீழ இருந்து அதையே மேல எடுக்கிறோம். வயல்ல போடுற யூரியாவும் சேருது. கைக்குழந்தைக்கு நைட்ரேட் அதிகமுள்ள தண்ணியில பால் கலக்கிக் கொடுத்தா, ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாம குழந்தை நீலம் பாரிக்கும். இதுக்கும் காய்ச்சுறது தீர்வு இல்லை.

அரசு கொடுக்கத் தவறினதை யார் விக்கிறாங்க? கேன் கம்பெனி விக்கிறான், மிஷின் கம்பெனி விக்கிறான். கேன் ஒண்ணு 40 ரூபாய்னு வைங்க. நாலு பேர் உள்ள வீட்டுக்கு ரெண்டு நாளைக்கு ஒரு கேன். மாசம் 600, வருஷம் 7,200 ரூபாய். ஒப்பந்தத் தொழிலாளி சம்பளத்துல தண்ணிக்கே இவ்வளவு போச்சுன்னா, அது அரசு போடாத வரி. பணக்காரனுக்கும் ஏழைக்கும் ஒரே வரி.

மிஷின் விக்கிறவர் வீட்டுக்கு வந்து ஒரு வித்தை காட்டுவார். உங்க தண்ணியில ரெண்டு கம்பியை விட்டு கரண்ட் கொடுப்பார். தண்ணி பழுப்பாகி, பச்சையாகி, குப்பை குப்பையாத் திரளும். "பார்த்தீங்களாக்கா, இதைத்தான் பிள்ளைங்களுக்குக் கொடுக்கறீங்க!"ன்னு சொல்லுவார். அந்தக் குப்பை உங்க தண்ணியில இருந்தது இல்லீங்க. கம்பியில இருக்கிற இரும்பு கரைஞ்சு வந்தது. உப்பு உள்ள தண்ணியில கரண்ட் பாயும், கம்பி கரையும். உப்பு நீக்கின தண்ணியில கரண்ட் சரியாப் பாயாது, அதனால தெளிவா நிக்கும். அவ்வளவுதான் வித்தை. பேனா மாதிரி மீட்டரை முக்கி எண் காட்டுவாங்களே, அதுவும் மொத்த உப்பைத்தான் காட்டும். புளோரைடு எவ்வளவு, நைட்ரேட் எவ்வளவு, கிருமி இருக்கான்னு அந்தப் பேனாவுக்குத் தெரியாது.

ஆர்.ஓ. மிஷினே வேண்டாம்னு நான் சொல்லலை. புளோரைடு அதிகம்னு பரிசோதனையில தெரிஞ்ச வீட்டுக்கு அது உதவும். ஆனா வீட்டு மிஷின்கள் பெரும்பாலும், உள்ள போற தண்ணியில பாதிக்கு மேல சாக்கடைக்குத் தள்ளுது. தண்ணி இல்லாத ஊர்ல தண்ணியைக் கொட்டுற மிஷின்! கரைந்த உப்பு 500-க்குள்ள இருக்கிற இடத்துல இந்த மிஷினுக்குத் தடை போடணும்னு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-லேயே சொன்னது. பரிசோதனை செய்யாம பயத்துல வாங்காதீங்க என்பதுதான் என் வேண்டுகோள்.

இப்ப ஆத்துக்கு வருவோம்.

தென்பெண்ணை நந்தி மலைப் பக்கம் பிறந்து, பெங்களூரு ஓரமா ஓடி, நம்ம கெலவரப்பள்ளி அணைக்கு வருது. பெங்களூருவில் பெல்லந்தூர் ஏரியும் வர்த்தூர் ஏரியும் நிரம்பி வழிஞ்சா இந்த ஆத்துலதான் சேரும். பெல்லந்தூர் ஏரி தீப்பிடிச்சு எரிஞ்ச செய்தி ஊரெல்லாம் பார்த்தது. தண்ணி எரியிற ஏரிக்குக் கீழதான் நம்ம அணை. அங்க பெருமழை பெஞ்சா, தேங்கிக் கிடந்த கழிவெல்லாம் அடிச்சுக்கிட்டு இங்க வருது. அதுல இருக்கிற சலவைத் தூள் ரசாயனம், மதகு வழியாப் பாயும்போது காத்தோட கடைஞ்சு நுரையாகுது. சாதாரண சோப்பு கடின நீர்ல நுரைக்காது. சலவைத் தூள் எந்தத் தண்ணியிலயும் நுரைக்கும். தரைப்பாலத்துல ஆள் உயரம் நுரை நிக்கும், ஜனங்க போட்டோ எடுப்பாங்க, டிவியில ரெண்டு நாள் வரும். பிறகு நுரை அடங்கும், பேச்சும் அடங்கும். விவசாயி மட்டும் அதே தண்ணியைத்தான் ரோஜாவுக்கும் தக்காளிக்கும் கீரைக்கும் பாய்ச்சணும். அந்தக் கீரை எங்க போகுது? நம்ம சந்தைக்கு. பெங்களூருவுக்கும் போகுது. அவங்க அனுப்பினது அவங்க தட்டுக்கே திரும்புது.

இங்க நின்னு "கன்னடக்காரன் சாக்கடையை அனுப்புறான்"னு கத்தினா கைத்தட்டல் கிடைக்கும். ஆனா அது உண்மையைக் குறைச்சுச் சொல்றது. பெல்லந்தூர்ல மூக்கைப் பிடிச்சுக்கிட்டு வாழுறவங்களும் அதே பாதிப்புக்காரங்கதான். அவங்கதான் நீதிமன்றம் போய்ப் போராடினாங்க. 2018 டிசம்பர்ல பசுமைத் தீர்ப்பாயம் அந்த ஏரிக்காகக் கர்நாடக அரசுக்கு 50 கோடி ரூபாய் இழப்பீடு விதிச்சது. நம்ம ஊர்ல தமிழ்ல தண்ணி, தெலுங்குல நீள்ளு, கன்னடத்துல நீரு, உருதுல பானி. நாலு பேரும் ஒரே குழாயில வரிசையா நிக்கிற ஊரு இது. இதுல மொழிச் சண்டையை விதைக்கிறவனுக்கு ஓட்டு கிடைக்கும். நமக்குத் தண்ணி கிடைக்காது.

நம்ம பக்கமும் பார்க்கணும். எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கிற ஆலைக் கழிவும் நம்ம நகரச் சாக்கடையும் எங்க போகுது? நம்ம ஏரிகளுக்கும் இதே ஆத்துக்கும்தானே? கிருஷ்ணகிரி அணையில இருக்கிறவங்களுக்கும், சாத்தனூர்ல இருக்கிறவங்களுக்கும், கடலூர் வரைக்கும் உள்ளவங்களுக்கும் மேல்மடைக்காரங்க நாமதான். பெங்களூருகிட்ட நாம என்ன கேக்குறோமோ, அதை நம்மகிட்ட அவங்க கேக்க உரிமை இருக்கு.

பெண்ணையாற்றுப் பங்கீட்டுக்காகத் தமிழ்நாடு 2018-ல உச்ச நீதிமன்றம் போச்சு. அது எவ்வளவு தண்ணி என்கிற வழக்கு, அது நடக்கட்டும். எப்படிப்பட்ட தண்ணி என்கிற கேள்விக்கு நடுவர் மன்றம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. 1974-லிருந்து தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டம் இருக்கு. ரெண்டு மாநிலத்துலயும் வாரியம் இருக்கு, மேல மத்திய வாரியம் இருக்கு. மாசில்லாத தண்ணீர் என்பது அரசியல் சட்டம் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடக்கம்னு உச்ச நீதிமன்றம் 1991-லேயே சொல்லிட்டது.

ஆகவே நமது கோரிக்கைகள்:

1. ஒவ்வொரு மேல்நிலைத் தொட்டியிலும் மாதம் ஒருமுறை பரிசோதனை. கடினத்தன்மை, புளோரைடு, நைட்ரேட், குளோரின், கிருமி ஆகியவற்றின் அளவை அந்தத் தொட்டியிலேயே பலகையில் எழுது. ஊரில் பேசும் எல்லா மொழியிலும் எழுது.
2. ஒகேனக்கல் நீரையும் போர் நீரையும் ஒரே தொட்டியில் கலக்காதே. பிரிக்கும் வரை, கலக்கும் அளவை வெளியிடு.
3. பள்ளிகளுக்கும் அங்கன்வாடிகளுக்கும் முதலில் ஆற்று நீர். எட்டு வயதுக்கு உட்பட்ட குழந்தை போர் தண்ணீர் குடிக்கும் நிலை இருக்கக் கூடாது.
4. டேங்கர் லாரியும் கேன் நிறுவனமும் எங்கிருந்து தண்ணீர் எடுக்கின்றன, கடைசியாக எப்போது பரிசோதித்தார்கள் என்பதை வெளியிடு.
5. கெலவரப்பள்ளிக்கு வரும் நீரை இரு மாநில வாரியங்களும் சேர்ந்து தினமும் அளந்து, அன்றன்றே வெளியிடட்டும். ஓசூரின் சொந்தக் கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் விடுவதை நிறுத்து.
6. ஒகேனக்கல் இரண்டாம் கட்டத்தை இன்னொரு 15 வருஷம் இழுக்காதே.

இதுல பல கோடி கேக்குற கோரிக்கைகளும் இருக்கு. ஆனா முதல் கோரிக்கைக்குக் கோடி வேண்டாம். ஒரு பலகை, கொஞ்சம் பெயிண்ட், ஒரு பரிசோதனை அறிக்கை போதும். குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டத்துலேயே பரிசோதனைக்கூடம் இருக்கு. அளக்கிறதை நம்ம கிட்டச் சொல்றது மட்டும்தான் பாக்கி.

அவங்க தானா எழுத மாட்டாங்க. அதனால நம்ம வேலை இதுதான். தகவல் உரிமைச் சட்டத்துல ஒரு மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய், பதில் தர 30 நாள் கெடு. 45 வார்டுக்கும் தனித்தனியா 45 மனு போடுவோம்: "எங்கள் வார்டுத் தொட்டித் தண்ணீரின் கடந்த 12 மாதப் பரிசோதனை முடிவுகளைத் தருக." மொத்தம் 450 ரூபாய். நான் முன்னாடி போட்ட கணக்குப்படி ஒரு குடும்பத்தோட ஒரு மாசக் கேன் செலவுகூட இல்லை. சுத்துவட்டார ஊராட்சிகள்ல மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்தன்னைக்கு கிராம சபை நடக்கும். அங்க இதையே தீர்மானமாக் கொண்டு வாங்க. மனு எழுதத் தெரியாதவங்க கட்சி அலுவலகத்துக்கு வாங்க, நம்ம தோழர்கள் எழுதித் தருவாங்க. எந்தக் கட்சிக்காரரா இருந்தாலும் வாங்க. புளோரைடு கட்சி பார்த்து எலும்புல படியறதில்லை.

பதில் வந்தா, அந்த எண்ணை நாமே தெருச் சுவர்ல எழுதுவோம். பதில் வரலைன்னா, "30 நாள் ஆகியும் பதில் இல்லை"ன்னு அதையும் எழுதுவோம். ரெண்டுல எது நடந்தாலும் இந்த ஊர் ஜனங்களுக்கு ஒரு உண்மை தெரிய வரும்.

குடிக்கிற தண்ணியில என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்கிறது சலுகை இல்லை, உரிமை. வரி கட்டுறோம், கணக்குக் கேக்குறோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல் வார்டிலிருந்து தொடங்குறோம். வீட்டுக்கு ஒருத்தர் வாங்க.